வெள்ளிக்கிழமைச் சட்டை

ஆலங்குடியில் ஒரு சுவரை எனக்கு மிக நன்றாகத் தெரியும். வெளிர்பச்சைப் பெயின்ட். வலது ஓரத்தில் ஒரு நகைக்கடைக் காலண்டர். அதற்குக் கீழே சுவிட்சுப் பெட்டி, அதில் ஒரு சுவிட்சுக்கு மூடி கிடையாது. சுவருக்கு முன்னால் இரண்டு நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் என் தங்கை கவிதா, இன்னொன்றில் அவள் கணவர் ரவி, ரவியின் மடியில் அவர்கள் மகள் யாழினி. மஸ்கட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கிடங்கில் வேலை பார்க்கும் எனக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் போனை எடுத்து அந்தச் சுவரைப் பார்ப்பேன்.

யாழினி பிறந்த பிறகு நான் ஊருக்கே போகவில்லை. லீவு கிடைக்காத கதை எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான், அதைச் சொல்லி உங்களை அறுக்கமாட்டேன். அவள் குப்புற விழுந்தது, பல் முளைத்தது, நடந்தது எல்லாம் எனக்குப் போனில்தான் நடந்தன. முதலில் கறம்பக்குடியில் ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அது பச்சையானது. "ஆலங்குடிக்கு வீடு மாத்திட்டோம்ணே, புள்ளைக்கு ஸ்கூல் பக்கம்" என்றாள் கவிதா. நல்லதுதானே என்றேன்.

யாழினியின் காது குத்துக்குத்தான் இந்தப் பயணம். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். கவிதாவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தவனும் நான்தான். என் கல்யாணத்தை மட்டும் யாரும் செய்துவைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே தகப்பன், புருஷன் என்ற பட்டமெல்லாம் எனக்கு இல்லை. மாமன் என்ற ஒன்று மட்டும் இருந்தது. அதற்காக ஒரு பிள்ளை என் மடியில் கொஞ்ச நேரம் உட்காரப்போகிறது என்பதை நினைத்துக்கொண்டேதான் விமானத்தில் ஏறினேன்.

புதன்கிழமை காலையில் திருச்சியில் இறங்கினேன். தடுப்புக் கம்பிக்கு அப்பால் கவிதா நின்றாள். இடுப்பில் யாழினி. போனில் பார்த்ததைவிடக் கவிதா பாதியாக இருந்தாள். போன் முகத்தைத்தான் காட்டும், தோள் எலும்பைக் காட்டாது. ரவியைக் காணோம்.

"லோடு ஏத்திக்கிட்டுக் கேரளா போயிருக்காருண்ணே. வர ஒரு வாரமாகும்" என்றாள். ரவி தேங்காய் லோடு அடிக்கும் வண்டிக்காரர். ஒரே மகள் காதுகுத்தைவிடத் தேங்காய் பெரிதா என்று வாய் வரை வந்தது. வந்ததும் வராததுமாக எதற்கு என்று விழுங்கினேன்.

பிள்ளையிடம் கையை நீட்டினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருன்னு தெரியுதா? மாமாடி. மஸ்கட் மாமா" என்றாள் கவிதா.

"மாமா போன்லதான இருப்பாரு" என்று சொல்லிவிட்டு யாழினி அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்த வாடகைக் கார் டிரைவர் செந்தில் சத்தம் போட்டுச் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

கீரனூரில் காலைச் சாப்பாடு. நெய் மிதக்கும் பொங்கல், மிளகு பல்லில் கடிபட்டது. மஸ்கட்டிலும் பொங்கல் கிடைக்கும், மிளகைத் தேடிக் கண்ணாடி போட வேண்டும். யாழினி இட்லியைத் தொடவில்லை. கவிதா தண்ணீர் ஜக்கில் போனைச் சாய்த்து வைத்தாள். அதில் ஒரு பென்குயின் பாடிக்கொண்டே வந்தது. பிள்ளையின் வாய் தானாகத் திறந்தது. காக்கையைக் காட்டி ஊட்டுகிற காலமெல்லாம் போய்விட்டதா என்று கேட்க நினைத்தேன். நினைக்கும்போதே, மஸ்கட் ரூமில் நானும் பருப்புச் சட்டியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் தின்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. வடையைப் பிய்த்தேன்.

வீடு மாடிப் போர்ஷன். பச்சைச் சுவரைக் கண்டதும் எனக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. மூடி இல்லாத சுவிட்சைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். பிறகுதான் திரும்பி எதிர்ப் பக்கத்தைப் பார்த்தேன். இத்தனை நாளாகப் போன் காட்டாத பக்கம். அங்கே ஒரு தையல் மிஷின். அதைச் சுற்றி வெட்டிப்போட்ட துணிகள், ஊர்ப் பெண்களின் ஜாக்கெட்டுகள் மலைபோல. கவிதா தைக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது.

"சும்மாதாண்ணே. நேரம் போகணும்ல" என்றாள்.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை இஸ்திரி போட்டுத் தொங்கியது. மாப்பிள்ளை சட்டை. வெள்ளிக்கிழமைதோறும் அதைப் போட்டுக்கொண்டுதான் போனில் வருவார். எவ்வளவு சிக்கனமான மனுஷன் என்று நானே ரூமில் கூட இருப்பவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் ஒரு கைலியோ, சவரக் கத்தியோ, ஆம்பளைச் செருப்போ என் கண்ணில் படவில்லை என்பதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பயணக் களைப்பு.

வியாழக்கிழமை காலை டீ குடிக்கக் கடைத்தெருவுக்குப் போனேன். வெளிநாட்டுக்காரனைக் கண்டால் எங்கள் ஊரில் இரண்டு கேள்வி உண்டு. "எப்ப வந்தீங்க? எப்பப் போறீங்க?" இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட மாட்டார்கள். டீ ஆறுவதற்குள் மூன்று பேருக்குப் பதில் சொன்னேன். மூன்றாவது ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒங்க தங்கச்சி நல்ல புள்ளைங்க. தனியாளா நின்னு சமாளிக்கிது" என்றார். லோடுக்குப் போகிற புருஷனைக் கட்டினால் எல்லாரும் பாதி நாள் தனியாள்தானே என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

மாமன் சீர் வாங்கப் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனேன். பட்டுப் பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல், ஒரு சோடிக் கம்மல். கீழராஜ வீதியில் கூட்டம் தோளை இடித்துக்கொண்டு போனது. மஸ்கட்டில் யாரும் யாரையும் இடிக்கமாட்டார்கள், இடித்தால் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே இடித்தவன் நம்மைப் பார்த்து முறைத்துவிட்டுப் போகிறான். எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

திரும்பும்போது வம்பனுக்கு முன்னால் பஸ் டயர் பஞ்சர். எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். வேப்பமரத்து நிழலில் எனக்குப் பக்கத்தில் வடக்கத்திப் பையன் ஒருவன் நின்றுகொண்டு போனில் இந்தியில் பேசினான். செங்கல் சூளையில் வேலை போலிருக்கிறது, சட்டையெல்லாம் செம்மண் தூசி. ஓமானில் தமிழைவிட இந்திதான் எனக்கு அதிகம் பேச வாய்க்கிறது, அதனால் எல்லாம் புரிந்தது. "மாட்டைக் காட்டு" என்றான் பெண்டாட்டியிடம். "சுவரைக் காட்டாதே. வெளியே போ. மாடு நிற்கிறதா? கூரையைக் காட்டு. ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றினாயா இல்லையா? கிட்டக் கொண்டுபோய்க் காட்டு." பெண்டாட்டி ஏதோ சலித்துக்கொண்டாள். அவன் விடவில்லை. "அடுப்பைக் காட்டு. என்ன சமைத்தாய் என்று நான் பார்க்க வேண்டும்."

சந்தேகப் புத்தி பிடித்தவன் என்று அவனை மனசுக்குள் திட்டினேன். என் தங்கையிடம் ஒரு நாளும் நான் போனைத் திருப்பிக் காட்டச் சொன்னதில்லை. அதை ஒரு நாகரிகம் என்று வேறு எண்ணிக்கொண்டிருந்தேன்.

யாழினி அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேரீச்சம்பழத்தைத் துப்பினாள். சாக்லேட்டை வாங்கிக்கொண்டு ஓடினாள். சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை வந்தது. மொட்டைமாடிக்குப் போய் நின்றுகொண்டு கவிதாவின் போனுக்கு வீடியோ கால் போட்டேன். அவ்வளவுதான், கீழே ஒரே கூச்சல். "மாமா! மாமா!" என்று குதித்தாள். புதுப் பாட்டுப் பாடினாள். திமிங்கலம் மீன் இல்லை, அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கடலையே பார்க்காத பிள்ளைக்குத் திமிங்கலத்தைத் தெரிந்திருக்கிறது, தாய்மாமனைத் தெரியவில்லை. பேச்சுக்கு நடுவில் அவள் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிடுகிறார்கள் போல என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கவிதா அவளைத் தலைக்குக் குளிக்க வைத்தாள். சாம்பிராணி போட்டாள். பிள்ளைக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை சமையல் என்று கத்திரிக்காய் முருங்கைக்காய்ச் சாம்பார், அப்பளம், பாயசம். கவிதாவின் கைக் குழம்பு எங்கள் அம்மாவின் குழம்பேதான். மூக்கு முட்டத் தின்றுவிட்டுப் பாயைப் போட்டுப் படுத்தேன்.

நாற்காலி இழுபடும் சத்தத்தில் கண்ணைத் திறந்தேன். யாழினி இரண்டு நீல நாற்காலிகளையும் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டுபோய்ப் பச்சைச் சுவருக்கு முன்னால் போட்டாள். பிறகு ஒரு முக்காலியில் ஏறி ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தாள். அதை மடிப்புக் கலையாமல் ஒரு நாற்காலியின் முதுகில் போட்டாள். வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். தெருவில் ஒரு பைக் போனது. எழுந்து எட்டிப் பார்த்தாள். அது போய்விட்டது. மறுபடி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து நேராக என் பாயருகே வந்து நின்றாள். என்னை நேராகப் பார்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"மாமா, நீ போ."

"எங்கடா தங்கம் போறது?"

"ஒன் ஊருக்குப் போ. போயி போன் பண்ணு. நீ போன் பண்ணாத்தான் அப்பா வரும்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கவிதாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். கால் நின்றுபோயிருந்தது. ஊசிக்கடியில் இருந்த துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள்.

பிள்ளையைக் கீழ்ப் போர்ஷனில் விட்டுவிட்டு வந்து சொன்னாள். அழாமல்தான் சொன்னாள்.

"ரெண்டு வருஷமாச்சுண்ணே. கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுகிட்ட டிபன் கடை வச்சிருக்க பொண்ணோட இருக்காரு. அங்கிட்டு ஒரு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. நான் இங்கிட்டு வந்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? வேலைய விட்டுட்டு ஓடியாருவ. நாலு பேரக் கூட்டிப் பஞ்சாயத்துப் பேசுவ. போனவரு வந்துருவாரா? மொத வாரம் மாப்பிள்ள எங்கன்னு கேட்ட, கடைக்குப் போயிருக்காருன்னேன். அடுத்த வாரமும் கேட்ட. அதுக்கப்பறம் நான்தான் அவருக்குப் போனப் போட்டு, எங்க அண்ணனுக்காக வெள்ளிக்கெழம ஒரு அரை மணி நேரம் வந்து உக்காந்துட்டுப் போங்கன்னேன். சரின்னாரு."

"அந்தச் சட்டை?"

"அங்கிட்டுப் போட்ட சட்டையோட எங்க வீட்டு நாற்காலில உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டேன். வருவாரு, மாத்துவாரு, புள்ளயத் தூக்கி மடில வச்சுக்குவாரு. நீ போன வச்சதும் கழட்டி மாட்டிட்டுப் போயிருவாரு."

கிடங்கில் ஒரு பெட்டி தக்காளி நசுங்கினால், கேமராவை ஓட்டிப் பார்த்து எவன் எப்போது போட்டான் என்று கண்டுபிடிக்கிறவன் நான். அதற்காகவே என்னை அங்கே வைத்திருக்கிறார்கள். என் தங்கை வீட்டில் வாரா வாரம் எனக்காக ஒரு நாடகம் நடந்திருக்கிறது. நானும் தவறாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

"ஒனக்காகத்தான் ஆரம்பிச்சேன்" என்றாள் கவிதா. "இப்ப ஒனக்காக இல்லண்ணே. அவளுக்கு அப்பான்னா அந்த அரை மணி நேரந்தான். நீ கூப்பிடலன்னா அதுவும் இல்ல."

காதுகுத்தை ஏன் ரவியின் குலதெய்வத்துக்குக் கொண்டுபோகாமல் விராலிமலையில் வைத்திருக்கிறாள் என்று போன மாதமே கேட்டிருந்தேன். வேண்டுதல் என்றாள். இப்போது கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. முருகன் யார் வீட்டுப் பங்காளியும் இல்லை. யார் வேண்டுமானாலும் போகலாம்.

சனிக்கிழமை கறம்பக்குடிக்குப் பஸ் ஏறினேன். கவிதா வேண்டாம் என்றாள். அடிக்கப் போகவில்லை என்று சொன்னேன். அடிக்கத்தான் போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. யாரோ ஒருவர் வைத்திருந்த பலாப்பழச் சாக்கு வழி முழுக்க என் முழங்காலைக் குத்திக்கொண்டே வந்தது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

டிபன் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. நாலு பெஞ்சு, ஒரு தோசைக்கல். கல்லுக்குப் பின்னால் முப்பது வயதுப் பெண். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து இரண்டு தோசை சொன்னேன். தோசை ஓரம் முறுகலாக, நடுவில் பஞ்சாக இருந்தது. சட்னி இன்னும் நன்றாக இருந்தது. எனக்கு எரிச்சலே அதில்தான். மோசமாக இருந்தால் ஒரு பிடி கிடைத்திருக்கும்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க மஸ்கட் அண்ணந்தானே?" என்றாள். "அவரு போன்ல ஒங்க போட்டோவப் பாத்திருக்கேன்." இவளுக்கும் என்னைப் போனில் தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் ரவியை நேரத்துக்குக் கிளப்பி அனுப்புகிறவளே அவள்தானாம்.

உள்ளேயிருந்து ரவி வந்தார். இல்லை, வந்தான். இனிமேல் அவனுக்கு இந்த மரியாதை போதும். தோளில் ஒரு வயதுப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அடிக்க ஓங்குவதற்கு அந்தத் தோளில் இடம் விட்டு வைக்கவில்லை.

"மச்சான், தப்புத்தான். என்ன வேணாலும் பேசுங்க" என்றான். அவனே தொடர்ந்தான். "ஆனா ஒரு வெள்ளிக்கெழமகூடத் தவறல மச்சான். மழையில, காய்ச்சல்ல எல்லாம் வந்திருக்கேன். கவிதாகிட்டக் கேட்டுப் பாருங்க." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. கடைசிவரை என்னால் தாங்க முடியாதது அந்தப் பெருமைதான்.

"நாளைக்கு விராலிமலைல பிள்ளைக்குக் காது குத்து. தகப்பனா வந்து நில்லு. மத்தத அப்பறம் பேசிக்குவோம்" என்றேன்.

அவன் கல்லுப் பக்கம் பார்த்தான். அந்தப் பெண் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போனுக்கு அனுப்புறேண்ணே. எப்பக் கேட்டாலும் அனுப்புறேன். அது பச்சப்புள்ள காரியம், நான் குறுக்க நிக்கமாட்டேன். ஆனா ரூமுக்குள்ள உக்காந்து பேசிட்டு வாரது வேற, கோயில்ல மாலையோட அந்தக்கா பக்கத்துல நிக்கிறது வேற. அப்படி நின்னாருன்னா நானும் இந்தப் புள்ளயும் யாருங்கண்ணே?"

தோசைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள். கல்லாவில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செந்தில் ஒரு வேன் கொண்டுவந்தான். வேன் நிறையச் சொந்தம் வரும் என்று பெரிய வண்டியாகச் சொல்லியிருந்தேன். கவிதா, பிள்ளை, நான், கீழ்ப் போர்ஷன் அக்கா, ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் இரண்டு பெண்கள். பின் சீட்டெல்லாம் காலி. ஒவ்வொரு வளைவிலும் சீர்த்தட்டுகள் அந்தச் சீட்டுகளில் அங்கிட்டும் இங்கிட்டும் வழுக்கிக்கொண்டிருந்தன.

விராலிமலை அடிவாரத்தில் மயில்கள் கோழி மாதிரி திரிந்தன. யாழினி மயிலைப் பார்த்ததும், "இது போன்ல பெருசா இருக்கும்" என்றாள். படியேறிச் சாமி கும்பிட்டோம். இறங்கும்போது ஒரு குரங்கு சீர்த்தட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஓடியது. பிள்ளை கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்ததை ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

கீழே மண்டபத்தில் ஆசாரி தயாராக இருந்தார். கிழக்குப் பார்த்துப் பாயில் உட்கார்ந்தேன். புது வேட்டி, கழுத்தில் மாலை. கவிதா பிள்ளைக்கு நான் வாங்கிய பட்டுப் பாவாடையைக் கட்டி என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். அவள் கனம் என் தொடையில் இறங்கியது. சாம்பிராணியும் பூவும் கலந்த வாசனை. அவ்வளவு நேரந்தான். அடுத்த நொடி உடம்பை வில்லாக வளைத்து அலறினாள். காலால் உதைத்தாள். என் மாலை பிய்ந்து பூக்கள் பாயெல்லாம் சிதறின. சர்க்கரை கொடுத்தார்கள், துப்பினாள். ஆசாரி ஊசியைக் கிட்டக் கொண்டுவருவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"போ மாமா! நீ போயி போன் பண்ணு! அப்பா வரட்டும்!"

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு வேடிக்கை. கவிதா சிரிக்கவில்லை. "புள்ள இப்படி ஆடுச்சுன்னா காது கிழிஞ்சிரும்யா" என்றார் ஆசாரி.

எழுந்தேன். செருப்பைக்கூடப் போடாமல் வேன் நின்ற இடத்துக்கு நடந்து, கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து கவிதாவின் போனுக்கு வீடியோ கால் போட்டேன்.

போனில் முதலில் மண்டபத்துக் கூரை தெரிந்தது. பிறகு யாழினி. முகம் முழுக்கக் கண்ணீர், ஆனால் சிரிப்பு. "மாமா! போன் பண்ணிட்டியா!"

"பண்ணிட்டேன் தங்கம். மஸ்கட்லேருந்து பேசுறேன்" என்றேன். வேன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அவள் தலைப்பூ தெரிந்தது. அவ்வளவு பக்கம்.

"அப்பா வருதா?"

"வந்துக்கிட்டே இருக்காரு. ஆடாம உக்காந்திருந்தாத்தான் வருவாராம்."

ஆடாமல் உட்கார்ந்தாள். யார் மடியில் என்று பார்த்தேன். பாயில் ஒரு ஆம்பளை வேண்டுமே என்று செந்திலைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். வாடகை வேன் டிரைவர் மடியில், வாசலையே பார்த்துக்கொண்டு, என் தங்கை மகள் முதல் காதைக் கொடுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள், அழவில்லை. "நான் ஆடலல்ல மாமா?" என்றாள். ஆடலடா என்றேன். இரண்டாவது காதையும் கொடுத்தாள். திமிங்கலக் கதை சொல்லு என்றேன். எனக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை. அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். கதை முடிந்தும் யாரும் வரவில்லை.

ஆலங்குடி வரும்வரை என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஆடாமல் உட்கார்ந்தால் அப்பா வருவார் என்று அவளிடம் பொய் சொன்னது நான். அதுவரை அந்த வீட்டில் எனக்குத்தான் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லீவு இன்னும் மிச்சம் இருந்தது. டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டேன். கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்று கவிதாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை, ஆனால் ஏன் என்று கேட்கவும் இல்லை. "வெள்ளிக்கெழமைக்குள்ள போயிருவியாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

போய்விட்டேன். வெள்ளிக்கிழமை சாப்பிட்டேன், தூங்கவில்லை. வழக்கமான நேரத்தில் போனைப் போட்டேன். பச்சைச் சுவர். காலண்டர். மூடி இல்லாத சுவிட்சு. இரண்டு நீல நாற்காலிகள். நீலக் கட்டம் போட்ட சட்டையில் அவன். அவன் மடியில், நான் வாங்கிப்போன கம்மல் காதில் மின்ன, யாழினி.

"நல்லாருக்கீங்களா மச்சான்?" என்றான்.

"நல்லாருக்கேன் மாப்பிள்ள. லோடெல்லாம் எப்படி?"

"ஓடுது மச்சான்."

அவனுக்குத் தெரியும் எனக்குத் தெரியும் என்று. கவிதா முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். யாழினி அப்பாவின் கையை எடுத்துத் தன் காதில் வைத்து, தொட்டுப் பார், வலிக்கவே இல்லை என்று காட்டினாள். பிறகு போனுக்குள் என்னைப் பார்த்து, வாய் நிறையச் சிரித்து, "மாமா, நீ அங்கிட்டே இரு" என்றாள்.

கம்பெனியில் அடுத்த லீவு எப்போது வேண்டும் என்று இப்போதே கேட்கிறார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.